வெர்லின் ரூட்சரின் பூட்ஸ்

வெர்லின் ரூட்சர் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டான் என்று நான் போய்ச் சொன்னதும், தூண்டில் புழுக்களைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த மேயர் ஆரின் டால்க்விஸ்ட் கையை நிறுத்தினார். எங்கள் ஸ்வான்பியில் மேயர் வேலையை நம்பி யாரும் பிழைக்க முடியாது. அவர் பிழைப்பு ஏரிக்கரையில் தூண்டில் புழுவும் சேர்த்து விற்கிற ஹார்டுவேர் கடைதான்.

"சுடறதுலயா?"

"இல்ல. அதுல வகுப்புக்கே முதல்."

"கார் ஓட்டறதுலயா?"

"குளிர்காலம் பூரா பனி தள்ளற லாரி ஓட்டறவன், கார் ஓட்டறதுல தோப்பானா?"

"அப்ப எழுத்துத் தேர்வு. எனக்குத் தெரியும். ஸ்கூல்லயே அவனுக்கு எழுத்து வராது."

"அதுல பாஸ் பண்ணி ஒரு மாசம் ஆச்சு."

"எதுலதான் தோத்தான் மார்லிஸ்? சொல்லித் தொலை."

"பூட்ஸைக் கழட்டினதுல."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஊர் மன்றத்தின் கிளார்க்காக இருந்து வரி நோட்டீஸும், நாய் உரிமமும், கல்லறைத் தோட்டத்து மனைப் பத்திரமும் எழுதி எழுதி, இல்லாததைச் சொல்லும் சக்தியே எனக்குப் போய்விட்டது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரே போலீஸ்காரன் வெர்லின். அவனும் பாதிப் போலீஸ்காரன்தான். வாரத்தில் சில நாள் சீருடை, மற்ற நாள் பனி தள்ளும் லாரி, கோடையில் புல்வெட்டு. இப்படிப்பட்டவர்களுக்கென்று மாநிலத்தில் பகுதி நேர உரிமம் ஒன்று இருந்தது. கொஞ்சம் பயிற்சி, கொஞ்சம் அதிகாரம். அதை மாநிலம் ஒழித்துவிட்டது. இனி அரைப் போலீஸ் கிடையாது. எல்லோரும் முழுப் பயிற்சி எடுத்து, முழுத் தேர்வு எழுதி, முழு உரிமம் வாங்க வேண்டும். ஜூன் கடைசிக்குள் வாங்காதவன் துப்பாக்கியையும் பேட்ஜையும் மேசைமேல் வைத்துவிட வேண்டும்.

சட்டம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். முடி வெட்டுகிறவனிடம் உரிமம் கேட்கிற மாநிலம், துப்பாக்கி கட்டிக்கொண்டு நிற்பவனிடம் கேட்கக்கூடாதா? கேட்கட்டும். ஆனால் வெர்லினுக்கு உரிமம் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போலீஸே இல்லை. கவுண்டி என்கிற மாவட்டம் முழுவதுக்கும் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டியதுதான். அவர்கள் ஆள் கவுண்டியின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். பனிக்காற்று அடிக்கிற நாளில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று வெர்லினைத்தான் கேட்க வேண்டும். அதைத் தள்ளித் திறக்கிறவனே அவன்தான்.

ஆகவே ஊர் மன்றம் செலவை ஏற்றுக்கொண்டு அவனைப் போலீஸ் பயிற்சி தரும் கல்லூரிக்கு அனுப்பியது. ஒவ்வொரு சனி, ஞாயிறும் போனான். ஐம்பது வயதில், தன் மகன்கள் வயதுப் பிள்ளைகளோடு ஓடினான், உருண்டான், கண்ணில் மிளகுப்பொடி ஸ்ப்ரே அடித்துக்கொண்டு அழுதான். எல்லாம் தாண்டிக் கடைசியில் நின்றது ஒரு வீடு.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டைத் தேர்வுக்காக வைத்திருக்கிறார்கள். உள்ளே புருஷன் பெண்டாட்டியாக இரண்டு பேர் நடிப்பார்கள். தேர்வு எழுதுகிறவன் கதவைத் தட்டி, உள்ளே போய், சண்டையை விலக்கி, இருவரையும் தனித்தனியாகப் பேச வைக்க வேண்டும். நிஜ வீடு, நிஜக் கதவு, நிஜக் கார்ப்பெட். வினையே அந்தக் கார்ப்பெட்டில்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் வருஷத்தில் பாதி நாள் பனி. மீதிப் பாதியில் பாதி சேறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூட்ஸ் வைக்க ரப்பர் தட்டு இருக்கும். பூட்ஸோடு வீட்டுக்குள் நுழைகிறவனைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவன் செத்த பிறகும் அதைப் பேசுவார்கள்.

தோற்றுவிட்டு வந்த அன்று வெர்லின் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு சொன்னான்:

"கதவைத் தட்டினேன். அந்தம்மா திறந்தாங்க. உள்ள பாத்தா வெளிர் நிறத்துல கார்ப்பெட். என் கால்ல பாத்தா அவ்ளோ சேறு. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"அந்த ஆள் கையில என்ன இருந்துது?"

"எந்தக் கையில?"

"எந்தக் கையிலயாவது!"

"அதைத்தான் அவங்களும் கேட்டாங்க." தொப்பியைத் திருப்பினான். "பாட்டில் இருந்துதாம். நான் பாக்கல. லேஸ்ல முடிச்சு விழுந்துடுச்சு."

நானும் வெர்லினும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த உரிமையில் என்னவெல்லாம் திட்ட முடியுமோ திட்டினேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். திட்டுவதில் ஒரு பயனும் இல்லாத ஆள்களில் அவன் ஒருவன்.

மறுநாள் தேர்வாளரே போன் செய்தார். கார்லா வென்ட்ஸ் என்று பெயர். பெருநகரத்தில் நெடுங்காலம் ரோந்துப் பணியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

"மேடம், உங்க ஆளு தங்கமான மனுஷர். ஆனா காலுறையோட நின்னுக்கிட்டு 'போலீஸ்'னு சொன்னாரு. ஒரு காலுறையில கட்டைவிரல் வெளிய தெரியுது. நான் இத்தனை வருஷத்துல இதைப் பாத்ததே இல்ல."

"எங்க பக்கம் அது மரியாதைங்க."

"மரியாதை இருக்கட்டும். லேஸ் அவுக்கறப்ப அவர் குனியறாரு. தலை எங்க இருக்கு? குடிச்சிருக்கற ஒருத்தனோட முழங்கால் பக்கத்துல. கண்ணு எங்க இருக்கு? பூட்ஸ்ல. கை எங்க இருக்கு? லேஸ்ல. அந்த ஆளு ஒரு உதை விட்டா போதும். புரியுதுங்களா?"

புரிந்தது. புரிந்துதான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. எதிராளி சொல்வது முட்டாள்தனமாக இருந்தால் கோபத்தை அவர்மேல் இறக்கி வைக்கலாம். கார்லா சொன்னது அவ்வளவும் நியாயம்.

மூன்று முறை வாய்ப்பு உண்டு. மூன்றாவதிலும் தவறினால் இலையுதிர் காலத்தில் மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் ஜூன் போய்விடும்.

பிப்ரவரியில் இரண்டாவது தேர்வு. போவதற்கு முன் ஊரில் இருந்த எல்லோரும், தேவாலயத்தில் காபி ஊற்றுகிற பெண்கள் உட்பட, அவனிடம் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னோம்: பூட்ஸைக் கழட்டாதே.

கழட்டவில்லை. தோற்றுவிட்டு வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"கழட்டாதேன்னு சொன்னீங்க. கழட்டல."

"அப்புறம்?"

"கால்மிதி மேல நின்னேன்."

"நின்னு?"

"அங்கேர்ந்தே பேசினேன். சின்னக் கால்மிதிதான். ரெண்டு காலும் சரியா அடங்கிச்சு."

அங்கேயிருந்தே விசாரணை முழுவதையும் நடத்தியிருக்கிறான். பெண்டாட்டியாக நடித்தவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். புருஷனாக நடித்தவன் நடுவில் சமையலறைக்குள் போயிருக்கிறான். வெர்லின் கால்மிதியில் நின்றபடியே, "கொஞ்சம் இப்படி வர முடியுங்களா? நான் இங்கதான் இருக்கேன்" என்று குரல் கொடுத்திருக்கிறான். அந்த ஆள் ரப்பர் கத்தியோடு திரும்பி வந்திருக்கிறான்.

"கால்மிதியை விட்டு இறங்குன்னும் தனியா சொல்லணுமாடா உனக்கு?" என்று கத்தினேன்.

"யாரும் சொல்லலியே, மார்லிஸ்."

மன்றக் கூட்டத்தில் ஷெரிஃப் அலுவலகத்தின் ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போடலாமா என்று பேச்சு எழுந்தது. போடலாம் என்றார்கள் இருவர். மேயர் மட்டும் மேசையைத் தட்டினார்.

"பழக்கம்தானே? பழக்கத்தைப் பழக்கத்தாலதான் மாத்தணும். அவனை வீடு வீடாக் கூட்டிட்டுப் போய் பூட்ஸோட நடக்க விடுவோம். என் நாயைப் பழக்கலையா நான்?"

"உங்க நாய் இன்னிக்குக்கூட உங்க கடை உப்பு மூட்டை மேலதான் காலைத் தூக்குது" என்றேன்.

"அது கிழ நாய்."

"வெர்லின் மட்டும் குட்டியா?"

ஆனால் வேறு வழி இல்லை. வீடு கேட்டுப் போனேன். ஊரைக் காக்க எல்லோரும் தயார். கார்ப்பெட்டைக் கொடுக்கத்தான் ஒருவரும் தயாராக இல்லை. ஏரிக்கு வடக்கே பண்ணை வைத்திருக்கும் ஆர்டித் என்பவள், தேவாலயத்துக்குக் கேக் செய்து கொடுப்பதில் முதல் ஆள், கதவைப் பாதிதான் திறந்தாள்.

"போன வருஷம்தான் புதுசா போட்டது, மார்லிஸ். வேணும்னா கேரேஜ்ல வச்சுக்கோங்க. சிமெண்ட் தரை. நல்லா நடக்கலாம்."

"கேரேஜ்ல எவன் பூட்ஸைக் கழட்டறான்? அதுல என்ன பயிற்சி?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவளுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் லீராய் எட்டிப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் பசுக்களை எல்லாம் விற்றிருந்தார். காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல், காலியான தொழுவத்தில் போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார் என்று ஊரில் பேச்சு.

"நான் வேணா வந்து குடிகாரனா நடிக்கறேன்" என்றார்.

"நீங்களா? பியர்கூடக் குடிச்சதில்லையே" என்றாள் ஆர்டித்.

"அதனாலதான் ஆசையா இருக்கு."

கடைசியில் என் வீடுதான். கார்ப்பெட்டின் மேல் செய்தித்தாள் விரித்தேன். மேயர் வந்து எல்லாவற்றையும் சுருட்டி எடுத்தார். "பேப்பர் மேல நடக்கறதுக்கு அவன் என்ன நாய்க்குட்டியா? நிஜமா இருக்கணும்."

"நிஜம் உங்க வீட்டுல இருக்கக்கூடாதா?"

"என் வீட்டுக்காரி ஒத்துக்கமாட்டா."

வெர்லின் கதவைத் தட்டினான். நான் திறந்தேன். பனிச் சேறு சொட்டச் சொட்ட ஒரு காலை உள்ளே வைத்தான்.

"பூட்ஸ்!" என்றது என் வாய்.

சத்தியமாக நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. வெர்லின் அந்த நொடியே குனிந்துவிட்டான். மேயர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவனைத் திருத்த வந்தோம். முதல்ல உன்னைத் திருத்தணும்."

அதன் பிறகு பாத்திரம் துடைக்கிற துணியை வாயில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். லீராய் சோபாவின் பக்கத்தில் நின்று, பாட்டிலுக்குப் பதில் என் சூப்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் சொல்வதைப் போன்ற குரலில், "போ. என் வீட்டை விட்டுப் போ" என்பார். உடனே, "சரியா சொன்னேனா?" என்று கேட்பார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா" என்பார் மேயர்.

"அவ்வளவு சத்தம் என்கிட்ட இல்லையே."

வெர்லின் கார்ப்பெட்டில் ஒரு அடி வைப்பான், என் முகத்தைப் பார்ப்பான். "என்னைப் பாக்காதடா, அவர் கையைப் பாரு!" என்று துணிக்குள்ளிருந்து நான் கத்துவேன். லீராய் கரண்டியை உயர்த்திக் காட்டுவார், அவனுக்கு உதவியாக. அந்த வாரங்களில்தான் லீராய் சிரித்துப் பார்த்தோம். பயிற்சி முடிந்ததும் இருந்து, காபி குடித்து, எலுமிச்சைப் பார் என்கிற இனிப்புத் துண்டு ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். என் கார்ப்பெட்டோ, வாசலிலிருந்து சமையலறை வரை மாட்டு வண்டித் தடம் மாதிரி ஆகிவிட்டது. அது இன்றுவரை போகவில்லை.

ஏப்ரலில் கடைசித் தேர்வு. வெர்லினை நானே காரில் கூட்டிப் போனேன். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் திட்டிவிடுவேன் என்று இருவருக்கும் தெரியும். கார்லா வென்ட்ஸ் என்னைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார். வீட்டுக்குள் கேமரா வைத்திருந்தார்கள். நடப்பதைத் திரையில் பார்க்கலாம்.

அன்று பனி உருகி எங்கும் சேறு. முழங்கால்வரை சேற்றோடு வெர்லின் கதவைத் தட்டினான். பெண்டாட்டியாக நடிக்க, அந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து வயதான ஒரு அம்மா வந்திருந்தார். கதவைத் திறந்தார். வெர்லின் உள்ளே காலை வைத்தான். அந்தம்மா கீழே பார்த்தார்.

"ஐயோ, கார்ப்பெட்!" என்றார்.

அவருக்குக் கொடுத்த வசனத்தில் அது இல்லை. என் பக்கத்தில் இருந்த கார்லா, "அடக் கடவுளே" என்று முனகினார். திரையில் வெர்லினின் முழங்கால் மடங்குவது தெரிந்தது. ஜூன், ஷெரிஃப் ஒப்பந்தம், இத்தனை சனி ஞாயிறு, என் வீட்டுத் தரை, எல்லாம் அந்த ஒரு முழங்காலில் நின்றது.

முழங்கால் நிமிர்ந்தது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா. நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்றான். பார்வையைப் புருஷன்மேல் வைத்தபடியே சொன்னான். "சார், அந்தக் கையை நான் பாக்கற மாதிரி வைங்க. இன்னொரு கை. ஆமா, அதுதான்." கால்மிதியைத் தாண்டி, கார்ப்பெட்டின் நடுவே நடந்து, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வரிசைத் தடம்.

தேர்ச்சி.

நான் அழவில்லை. மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான். கார்லா என் தோளைத் தட்டினார். அப்போது வெர்லின் அந்த அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"மேடம், வாளியும் துணியும் எங்க இருக்கு?"

"ரூட்சர், நீங்க பாஸ். கிளம்புங்க."

"அந்தம்மா மனசு கஷ்டப்படறாங்க மேடம்."

"அது அவங்க வீடே இல்ல! கிளம்புங்க!"

திரும்பி வரும்போது பாதி வழியில், "அந்தம்மா முகத்தைப் பாத்தியா?" என்றான். காரை ஓரத்தில் நிறுத்தி, இப்போது திட்டலாம் என்று அவனைத் திட்டினேன்.

முழு உரிமம் வந்தது. ஊர் மன்றத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டான். மேயர் பேசினார்; வழக்கம்போல் நீளமாக. ஷெரிஃப் ஒப்பந்தத்தை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன். இதோடு இந்தப் பூட்ஸ் விவகாரம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

அக்டோபர் கடைசியில், மழையும் பனியும் கலந்து அடித்த ஒரு மத்தியானம், ஆர்டித் அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். லீராய் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார், பேச மாட்டேன் என்கிறார் என்றாள். ஷெரிஃபின் ஆள் கவுண்டியின் மறுகோடியில் இருந்தான். வெர்லின் ஏரிக்கரைச் சாலையில் இருந்தான்.

அவன் வாசலில் நுழையும்போது லீராய் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். வெர்லின் நிற்கவில்லை. வாசல், கூடம், சாப்பாட்டு அறை, சமையலறை, பின்கதவு என்று நேர்கோடாக ஓடி, பனியில் இறங்கி, தொழுவத்துக்கு அருகில் அவரை எட்டிப் பிடித்தான். எப்படித் துப்பாக்கியை வாங்கினான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் காலித் தொழுவத்தில் கவிழ்த்த வாளிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

லீராய் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அடுத்த வாரம் ஆர்டித் என் அலுவலகத்துக்கு வந்தாள். பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு என் மேசைக்கு எதிரே நின்றாள். ஊர் அலுவலகத்தில் யாரும் கழற்றத் தேவையில்லை.

"புகார் கொடுக்கணும்."

"யார் மேல?"

"வெர்லின் மேல. பூட்ஸோட வீட்டுக்குள்ள வந்தான்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஆர்டித். அவன் எதுக்கு ஓடினான்னு..."

"எனக்குத் தெரியும் எதுக்கு ஓடினான்னு." கையுறைகளை முறுக்கினாள். "கார்ப்பெட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன். தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன். கறை போகல. வாசல்லேர்ந்து பின்கதவு வரைக்கும் இருக்கு. காலையில எழுந்து காபி போட வந்தா அதுதான் கண்ணுல படுது. தினமும். எனக்கு அது போகணும், மார்லிஸ்."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஆனால் பேனாவை எடுத்துப் புகாரை எழுதினேன். முழு உரிமம் உள்ள போலீஸ்காரன்மேல் புகார் வந்தால் அதைப் பதிவு செய்து, விசாரித்து, பதில் எழுத வேண்டும் என்பது விதி. கார்லா வென்ட்ஸ் எதைச் செய்யாததற்காக அவனை இரண்டு முறை தோற்கடித்தாரோ, அதைச் செய்ததற்காக அவன் முழு உரிமத்தின்மேல் விழுந்த முதல் புகார் இது.

மேயர் குதித்தார். "கிழிச்சுப் போடு! புகாராம்! அவளுக்கு மூளை இருக்கா?"

"கிழிக்க முடியாது. விதி."

"விதியை எழுதினவன் ஸ்வான்பிக்கு வந்திருக்கானா?"

"வந்திருந்தா பூட்ஸைக் கழட்டியிருப்பான்."

வெர்லினிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தான்.

"நியாயம்தானே" என்றான்.

இந்த ஊரில் ஒருவராவது நியாயம் தெரியாதவராக இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

சனிக்கிழமை, மேயரின் கடையிலிருந்து கார்ப்பெட் கழுவும் மெஷினைத் தூக்கிக்கொண்டு நானும் வெர்லினும் ஆர்டித் வீட்டுக்குப் போனோம். மேயர் வாடகையில் தள்ளுபடி கொடுத்தார், வரவில்லை. ஆர்டித் கதவை முழுவதும் திறந்தாள். ரப்பர் தட்டைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினாள். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மெஷினைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே நின்றேன். வெர்லின் படியிலேயே நின்றான். சீருடையில் இருந்தான்.

"கழட்டிட்டு வாடா."

"டியூட்டில இருக்கேன்."

"அதனால?"

"டியூட்டில கழட்டக்கூடாது."

"அப்ப பூட்ஸோட வந்து பூட்ஸ் கறையைக் கழுவப் போறியா?"

யோசித்தான். யோசிக்கட்டும் என்று குளிர்காற்று கதவு வழியாக வந்துகொண்டே இருந்தது. பிறகு தோளில் இருந்த ரேடியோவை அழுத்தி, கவுண்டிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, தான் இப்போது பணியிலிருந்து விலகுவதாகச் சொன்னான். காரணம் கேட்டார்கள்.

"கார்ப்பெட்."

"திருப்பிச் சொல்லுங்க, ஸ்வான்பி?"

"கார்ப்பெட். கழுவப் போறேன்."

"சரி, ஸ்வான்பி" என்றது குரல்.

"முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுடு ஆர்டித், புகாரை முடிச்சுடலாம்" என்றேன்.

"முதல்ல கறை போகட்டும்" என்றாள்.

உள்ளேயிருந்து லீராய் காபிக் கோப்பையோடு வந்தார். மெலிந்திருந்தார். வெர்லினின் எதிரே வந்து நின்று, "உள்ள வா, குளிருது" என்றார்.

"இதோ" என்று வெர்லின் குனிந்தான். தலை லீராயின் முழங்கால் பக்கம், கண் பூட்ஸில், இரண்டு கையும் லேஸில். இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"முடிச்சா?" என்றார் லீராய்.

"ஆமா."

"இரு" என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்தார்.

இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு லேஸை அவிழ்க்கிற வேகத்தை நான் என்ன சொல்ல? மெஷின் என் கையில் கனத்துக்கொண்டே இருந்தது.